அடிப்பலகை

கோபுரத்தைக் கண்டு வியப்பவர் பலர். அதன் அடியில் கிடந்து சுமக்கும் கல்லை நினைப்பவர் சிலரே. மலரைப் புகழ்கின்ற நாம் வேரைப் புகழ்வதில்லை. இளமையில் நானும் அவ்வாறே இருந்தேன். அடியில் இருப்பதன் அருமையை எனக்கு உணர்த்தியது ஒரு பழைய கதவு. அதனை எடுத்துரைத்தவர் என் பெரியப்பா. அந்த நிகழ்ச்சியை இங்குக் கூற விரும்புகின்றேன்.

எங்கள் ஊர் கொடும்பாளூர். திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், விராலிமலையைக் கடந்து சிறிது தொலைவில் உள்ளது. முற்காலத்தில் இருக்குவேளிர் என்னும் குறுநில மன்னர் இவ்வூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டனர். இடங்கழி நாயனார் இவ்வூரினரே. உறையூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழி மூன்றாகப் பிரியும் இடத்தைக் குறிக்கும்போது சிலப்பதிகாரம் எங்கள் ஊரைக் கொடும்பை என்று சுட்டுகின்றது. இவ்வாறு வழிகளால் பெயர் பெற்ற எங்கள் ஊருக்கு இருப்புப்பாதை மட்டும் வந்து சேரவில்லை. 1875-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியையும் மதுரையையும் இணைத்த பாதை, எங்களுக்கு மேற்கே மணப்பாறை, திண்டுக்கல் வழியாகச் சென்றுவிட்டது. 1929-ஆம் ஆண்டில் புதுக்கோட்டைக்கு வந்த பாதையோ எங்களுக்குக் கிழக்கே அமைந்தது. இரண்டு பாதைகளுக்கும் நடுவே, எந்த வண்டியின் ஒலியும் எட்டாத இடத்தில் எங்கள் ஊர் இருக்கின்றது.

என் பெரியப்பா மேற்குப் பாதையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். மணப்பாறையை ஒட்டிய பகுதியில், இருப்புப்பாதையைச் செம்மைசெய்யும் குழுவில் இளமையிலேயே சேர்ந்தார். பின்னர், நாள்தோறும் பாதை நெடுக நடந்து ஆணிகளையும் இணைப்புகளையும் பார்த்துவரும் ‘கீமேன்’ ஆனார். தோளில் சுத்தியலும் கையில் கொடியுமாக அவர் நடந்த தொலைவு எவ்வளவு என்று யாரும் அளந்ததில்லை. மழைக்கால இரவுகளில் விளக்கை ஏந்திக்கொண்டு, வெள்ளம் பாதையை அரித்துள்ளதா என்று பார்த்து நடப்பதும் அவர் பணியாக இருந்தது. மீட்டர்ப் பாதையாக இருந்த அவ்வழி அகலப் பாதையாக மாறியதையும் அவர் உடனிருந்து கண்டார்.

பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பிய சில ஆண்டுகளில், கண்ணழுத்த நோய் அவருடைய பார்வையைச் சிறிது சிறிதாகக் கவர்ந்துகொண்டது. வெளிச்சமும் நிழலும் தெரியும்; முகம் தெரியாது. மாலையில் திண்ணையில் அமர்ந்திருக்கும்போது, மேல்காற்று வீசினால் தலையைச் சற்றே சாய்த்துக்கொள்வார்.

“மணப்பாறை வண்டி இங்குக் கேட்காது, பெரியப்பா” என்பேன்.

“கேட்காது என்று எனக்கும் தெரியும், தம்பி. கேட்டுப் பழகிய காது சும்மா இருக்க மாட்டேன் என்கிறதே!” என்று சொல்லிச் சிரிப்பார்.

நான் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, சென்னையில் பணியாற்றிய என் தாய்மாமன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் வேலை செய்த இடத்தில், பிள்ளைகள் வளர்ந்துவிட்டபடியால் வேண்டாம் என்று ஒதுக்கிய பொருள் அது. திறந்து பார்த்தேன். உள்ளே சிறு எஞ்சின் ஒன்றும், பெட்டிகள் மூன்றும், தண்டவாளத் துண்டுகள் சிலவும், வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் மின்கருவி ஒன்றும் இருந்தன. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

சிறு புகைவண்டி செய்து ஓட்டும் கலை உலகில் நெடுநாளாக உள்ளது. 1891-ஆம் ஆண்டில் செருமனி நாட்டு மார்க்லின் நிறுவனத்தார், சாவி முடுக்கினால் ஓடும் வண்டிகளைத் தண்டவாளத்துடன் சந்தையில் காட்டினர். 1920-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பி என்பவர் அத்தகைய வண்டிகளைச் செய்து விற்கத் தொடங்கினார். நம் நாட்டிலும் இக்கலையில் ஈடுபட்டோர் உளர். ஜோஷி என்னும் அன்பர் தம் வாழ்நாள் உழைப்பைக் கொண்டு அமைத்த சிறு இருப்புப்பாதை அருங்காட்சியகம் 1998-ஆம் ஆண்டில் புனே நகரில் திறக்கப்பெற்றது. ஊரும் தெருவும் விளக்கும் பாலமும் அமைந்த அந்தச் சிறு உலகில் வண்டிகள் ஓடுவதைக் காண மக்கள் திரண்டு செல்கின்றனர்.

இவ்வண்டிகள் கண்டவாறு சிறிதாக்கப்பட்டவை அல்ல. அவற்றிற்குக் கணக்கு உண்டு. எனக்குக் கிடைத்த வண்டி, உண்மை வண்டியின் 87-இல் ஒரு பங்கு அளவினது. 1955-ஆம் ஆண்டில் பெரம்பூரில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த பெட்டித் தொழிற்சாலையில் செய்த பழைய வகைப் பெட்டியின் நீளம் ஏறத்தாழ 21 மீட்டர். இக்கணக்கின்படி அது 24 சென்டிமீட்டராகச் சுருங்கும். ஒரு கிலோமீட்டர்ப் பாதை பதினொன்றரை மீட்டராகும். என் வண்டியின் தண்டவாளங்களுக்கு இடையே இருந்த அகலம் பதினாறரை மில்லிமீட்டர்தான். சிறுவிரல் ஒன்றை வைத்தால் மறைந்துவிடும்!

மறுநாளே தண்டவாளத்தை எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் பரப்பினேன். சிமெண்டுத் தரைதான், பார்ப்பதற்கு ஒழுங்காகவே தோன்றியது. ஆனால் வண்டி இரண்டு முழம் ஓடும். பின்னர்த் தடம் புரளும். எடுத்து வைத்தால் மீண்டும் ஓடும், மீண்டும் புரளும். எஞ்சினைக் குறை கூறினேன். தண்டவாளத்தைக் குறை கூறினேன். தரையைக் குறை கூற எனக்குத் தோன்றவில்லை.

அச்சமயம் எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி ஒன்று நடைபெறும் என்று அறிவித்தனர். மின்விசையால் ஓடும் வண்டியைக் காட்டுவதாக நான் பெயர் கொடுத்துவிட்டேன். தரையில் ஓடாத வண்டியை எதன்மேல் ஓட்டுவது? பலகை ஒன்று வேண்டும் என்று அப்போதுதான் உணர்ந்தேன். ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள பலகையாக அது இருத்தல் வேண்டும். என் உண்டியலில் இருந்ததோ 260 ரூபாய்.

பலகை தேடி அலைந்தேன். தேக்குப் பலகையைத் தொட்டுப் பார்க்கவும் எனக்குத் தகுதி இல்லை. பிளைவுட் என்னும் ஒட்டுப்பலகை நல்லதுதான். ஆனால் அது எட்டடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள முழுத் தகடாகவே கிடைத்தது. அதன் விலையில் கால் பங்கும் என்னிடம் இல்லை. மாமரப் பலகை மலிவாகக் கிடைத்தது. ஆயினும் அகலம் போதாது. மூன்றை அடுக்கிச் சேர்த்தால் நடுவே பிளவு காணும். பழக்கூடைகளும் பெட்டிகளும் செய்யும் மெல்லிய மரமோ கையால் அழுத்தினாலே வளைந்தது. இறுதியில் நகரத்துக் கடை ஒன்றில், மரச்சிம்புகளைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்த பலகை கண்ணில் பட்டது. மேலே வழவழப்பான தாள் ஒட்டியிருந்தது. கண்ணாடி போன்ற சமதளம்! விலையும் 220 ரூபாய்தான். “ஈரம் மட்டும் படாமல் பார்த்துக்கொள்” என்று கடைக்காரர் சொன்னார். மகிழ்ச்சியில் அச்சொல் என் காதில் ஏறவில்லை.

பலகையின் இரு முனைகளிலும் இரண்டு முக்காலிகளை முட்டுக்கொடுத்துத் தண்டவாளத்தைப் பொருத்தினேன். வண்டி தடையின்றி ஓடியது. பெரியப்பாவை அழைத்து வந்து காட்டவேண்டும் என்று துடித்தேன். “கண்காட்சி அன்று வருகிறேன், எல்லாரோடும் இருந்து கேட்கிறேன்” என்று அவர் கூறிவிட்டார்.

ஐப்பசி மழை தொடங்கியது. ஓட்டுக்கூரையின் ஓர் ஒழுக்கிலிருந்து நீர் சொட்டிப் பலகையின் ஓரத்தை இரண்டு நாள் நனைத்திருந்தது. நான் துணியால் துடைத்தேன். துடைத்ததால் தீர்ந்தது என்று எண்ணினேன். கண்காட்சி நாளில் பலகையைப் பள்ளிக்குச் சுமந்து சென்று வைத்தபோது, நனைந்த ஓரம் ஊறிய அவலைப் போலப் பருத்து மேலெழும்பியிருந்தது. நடுப்பகுதியோ, பல நாள் தாங்கலின்றிக் கிடந்ததால், தொய்ந்து குழிந்திருந்தது. திருகாணிகள் பிடிப்பை இழந்து ஆடின.

ஆசிரியர்களும் மாணவர்களும் சூழ்ந்து நின்றனர். பெரியப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்வரிசையில் நின்றார். வண்டியை முடுக்கினேன். முதல் வளைவிலேயே எஞ்சின் சாய்ந்தது. எடுத்து வைத்தேன்; அடுத்த வளைவில் பெட்டிகள் விழுந்தன. நான்காம் முறை விழுந்தபோது, பின்னால் நின்ற மாணவர்கள் சிரித்தனர். எனக்குக் கண்ணீர் முட்டியது. அவர்களுடைய சிரிப்பைக்காட்டிலும் என்னை வருத்தியது வேறொன்று. ஓசையை எதிர்நோக்கித் தலையைச் சாய்த்தவாறே நின்ற பெரியப்பாவின் முகத்தை அப்போது கண்டேன்.

வீடு திரும்பும் வழியில் அவர் ஒன்றும் பேசவில்லை. மூவர்கோயில் அருகே வந்ததும், “சிறிது நேரம் இங்கு இருந்துவிட்டுப் போகலாம்” என்றார்.

மூவர்கோயில் எங்கள் ஊரின் பெருமை. இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி என்னும் மன்னர், தம் பெயரால் ஒன்றும், தம் தேவியர் இருவர் பெயரால் இரண்டுமாக மூன்று விமானங்களை எழுப்பினார் என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறுகின்றது. மேற்கு நோக்கி வரிசையாக நின்ற அம்மூன்றனுள் இன்று நடுவிலும் தெற்கிலும் உள்ள இரண்டே நிற்கின்றன. வடக்கே இருந்ததன் உடலும் முடியும் மறைந்துவிட்டன. அதிட்டானம் என்னும் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. காண வருவோர் நிற்கும் இரண்டையும் சுற்றிப் பார்த்துவிட்டுச் செல்வர். நானும் சிறுவயது முதல் அவ்வாறே செய்து வந்தேன்.

பெரியப்பா தடியால் தடவிக்கொண்டே அந்த மூன்றாம் அடித்தளத்தின் அருகே சென்றார். புல்தரையில் அமர்ந்து, “இந்தக் கோயில் எங்கே, தம்பி?” என்று கேட்டார்.

“அது போய்விட்டது, பெரியப்பா. அடி மட்டும் இருக்கிறது.”

“ஆயிரம் ஆண்டு மழை இதன்மேலும் பெய்திருக்கிறது. மேலே இருந்தது போயிற்று, அடி போகவில்லை. கட்டியவர்கள் முதலில் எதைப் பார்த்தார்கள் என்று தெரிகிறதா? நீ வண்டியைப் பார்த்தாய், பலகையைப் பார்க்கவில்லை. உன் வண்டிச் சக்கரத்தின் விளிம்பு எவ்வளவு உயரம்?”

“ஒரு மில்லிமீட்டர் இருக்கும்.”

“உன் பலகை ஓரம் எவ்வளவு எழும்பியிருந்தது?”

நான் விடை கூறவில்லை. மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாது. 87-ஆல் பெருக்கிப் பார்த்தேன். பலகையில் ஒரு மில்லிமீட்டர் மேடு, உண்மைப் பாதையில் 87 மில்லிமீட்டர் மேடு. அஃதாவது நான்கு விரல் உயரம். மூன்று மில்லிமீட்டர் என்றால் ஒரு சாண் உயரத்திற்கும் மேல்! அத்தகைய பாதையில் எந்த வண்டிதான் ஓடும்?

பெரியப்பா தொடர்ந்து கூறினார்: “வண்டியில் போகிறவர்கள் தண்டவாளத்தின்மேல் போகிறோம் என்று நினைக்கிறார்கள். தண்டவாளம் கட்டையின்மேல் கிடக்கிறது. கட்டை சல்லிக்கல்லின்மேல் கிடக்கிறது. சல்லி மண்மேட்டின்மேல் கிடக்கிறது. அறுபது சென்டிமீட்டருக்கு ஒரு கட்டை. ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் கல் இறுகியிருக்க வேண்டும். உருண்டைக் கல்லைப் போட்டால் நழுவும், ஆகையால் கூர்முனையுள்ள உடைகல்லைப் போடுகிறோம், ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். நீர் அதன் இடுக்கு வழியே இறங்கி ஓடிவிடும். சேறு அடைத்து நீர் தேங்கினால் பாதை தாழும். முப்பது ஆண்டு நாங்கள் சண்டையிட்டது வண்டியோடு இல்லை, தம்பி, நீரோடு.”

சிறிது நேரம் கழித்து, “நல்ல பலகைக்குப் பணம் வேண்டுமே, பெரியப்பா! என்னிடம் நாற்பது ரூபாய்தான் இருக்கிறது” என்றேன்.

“மலிவான பொருள் வேறு, மட்டமான பொருள் வேறு. நேராக இருக்க வேண்டும். ஈரத்திற்கு அசையக் கூடாது. இருவர் தூக்கும் அளவுக்கு இலேசாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் உள்ள பொருள் ஏற்கெனவே எங்காவது ஒரு வீட்டில் கிடக்கும். கடையில் தேடாதே; தச்சரைக் கேள்” என்றார்.

எங்கள் தெருவில் இருந்த தச்சரை அணுகினேன். அவர் சற்று எண்ணிப் பார்த்து, “கதவு ஒன்று தேடு, தம்பி. பிளஷ் கதவு என்கிறோமே, அது. இரண்டு மெல்லிய பலகைகளுக்கு நடுவே சட்டம் வைத்து ஒட்டியது. இரண்டு முகமும் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆகையால் இந்தப் பக்கமும் வளையாது, அந்தப் பக்கமும் வளையாது. கதவு கோணினால் சாத்த முடியுமா? நேராக இருப்பதற்கென்றே செய்த பலகை அது” என்றார். பலகையைத் தேடி அலைந்த நான், நாள்தோறும் திறந்து மூடிய கதவைப் பலகையாக எண்ணிப் பார்க்கவில்லையே என்று வியந்தேன்.

முதலில் கிடைத்தது ஒரு குளியலறைக் கதவு. ஓடிச்சென்று அளந்தேன். அகலம் இரண்டரை அடி, அஃதாவது 76 சென்டிமீட்டர். என் பாதை வளைவின் ஆரம் 36 சென்டிமீட்டர். ஆகவே வளைவின் குறுக்களவு 72 சென்டிமீட்டர். கட்டைகளின் அகலத்தையும் சேர்த்தால் 75. இரு புறமும் அரை சென்டிமீட்டர்தான் மிஞ்சும். தடம் புரண்டால் வண்டி தரையில் விழுந்து நொறுங்கும். விலையின்றிக் கிடைத்ததாயினும் அதனை விட்டுவிட்டேன். மலிவு என்ற ஒன்றைக் கண்டு மயங்கிய பழைய பிழையை மறுமுறை செய்ய எனக்குத் துணிவில்லை.

மார்கழி மாதம் வந்தது. தெருக்கோடி வீட்டில் பொங்கலுக்காக வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தனர். முற்றத்தில், பழைய பாய்களோடும் உடைந்த முறங்களோடும், மூன்றடி அகலமுள்ள அறைக்கதவு ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அடிப்பகுதி நான்கு விரல் அளவு நீரில் ஊறி உதிர்ந்திருந்தது. மற்றைப் பகுதி நன்றாக இருந்தது.

“அத்தை, இந்தக் கதவை என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்டேன்.

“போகிக்குக் கொளுத்தத்தான் வைத்திருக்கிறேன். உனக்கு வேண்டுமா? எடுத்துக்கொண்டு போ” என்றார் அவ்வீட்டு அம்மையார்.

நெருப்புக்கு இரையாக இருந்த அக்கதவை நானும் என் நண்பன் ஒருவனும் எளிதில் தூக்கிச் சென்றோம். அது மலிவான கதவு; உள்ளே முழு மரம் இல்லை; இடையிடையே வெற்றிடம் விட்டுச் சிறு சட்டங்கள் வைத்துச் செய்தது. வீட்டைக் காக்கும் கதவுக்கு அது குறை. தூக்கிச் செல்ல வேண்டிய என் பலகைக்கோ அதுவே சிறப்பாயிற்று.

தச்சர் நூல் பிடித்துப் பார்த்தார். மூலைக்கு மூலை இழுத்த நூல் கதவின் முகத்தை எங்கும் விட்டுப் பிரியவில்லை. உதிர்ந்த அடிப்பகுதியை இரம்பத்தால் அறுத்தெடுத்தார். வாய் திறந்த அவ்விடத்தில் ரீப்பர்க் கட்டையைப் பசை தடவிச் செருகி, உளியாலும் இழைப்புளியாலும் ஒழுங்கு செய்தார். கீல் இருந்த பள்ளங்களை மரத்துண்டு வைத்து நிரப்பினார். பூட்டு இருந்த துளையையும் அடைக்கப் போனார். “அதை விட்டுவிடுங்கள், மின்கம்பியை அதன் வழியே கீழே இறக்கலாம்” என்றேன். அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவர் சொன்னபடி இரண்டு முகங்களுக்கும் வண்ணம் பூசினேன். மேற்புறத்துக்கு மட்டும் பூசினால், பூசாத பக்கம் ஈரத்தைக் குடித்துப் பலகை வளைந்துவிடும் என்பது அவர் அனுபவம்.

முட்டுக்கொடுக்கும் முறையிலும் ஒரு நுட்பம் கற்றேன். முன்பு நான் இரு முனைகளிலும் முக்காலியை வைத்தேன்; நடுப்பகுதி தொய்ந்தது. “நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி வை. நடுவின் பாரத்தை ஓரத்தின் பாரம் சரிக்கட்டும்” என்றார் தச்சர். அவ்வாறே வைத்து, இரசமட்டத்தை நான்கு இடங்களில் வைத்துப் பார்த்தோம். குமிழி நடுவிலேயே நின்றது. தச்சர் கூலி கேட்கவில்லை. இரண்டு நாள் தம் பட்டறையில் பலகை பிடித்து, சீவல் அள்ள வேண்டும் என்றார். மகிழ்ச்சியுடன் செய்தேன். ரீப்பருக்கும் வண்ணத்துக்கும் திருகாணிக்கும் ஆன செலவு 140 ரூபாய். என்னிடம் இருந்த நாற்பது ரூபாய் போக எஞ்சியதைப் பெரியப்பா தம் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்தார்.

தண்டவாளத்திற்கு அடியில் வைப்பதற்காக மெல்லிய ரப்பர்த் துண்டுகளையும் வெட்டி வைத்திருந்தேன். உள்ளீடற்ற கதவின்மேல் வண்டி ஓடினால் பறை கொட்டுவது போல ஒலி எழும். ரப்பர் அதனை அடக்கும். தைத்திங்கள் முதல் நாள் மாலை, ரப்பரோடு பாதையை அமைத்து வண்டியை முடுக்கினேன். முப்பது சுற்று ஓடியது. ஒரு முறையும் புரளவில்லை. பெருமையோடு பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் பலகையின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு அமைதியாக நின்றார்.

“ஓடுகிறதா, தம்பி?” என்று கேட்டார்.

அக்கேள்வி என் நெஞ்சைச் சுட்டது. நான் கண்ணுக்காகப் பாதை அமைத்திருந்தேன். அவருக்குக் கண் இல்லை. உடனே வண்டியை நிறுத்தினேன். திருகாணிகளைக் கழற்றி, ரப்பர்த் துண்டுகளை எல்லாம் உருவி எடுத்தேன். தண்டவாளத்தைக் கதவின்மேல் நேராகவே பொருத்தி மீண்டும் முடுக்கினேன்.

கதவு ஒலித்தது! உள்ளே இருந்த வெற்றிடம் ஒவ்வொரு சக்கரத்தின் ஓசையையும் வாங்கிப் பெருக்கியது. தண்டவாளத் துண்டுகள் இணையும் இடந்தோறும் ‘தடக் தடக்’ என்று எழுந்த ஒலி தாழ்வாரம் முழுவதும் பரவியது. பெரியப்பாவின் தலை மெல்லச் சாய்ந்தது. “பழைய பாதையின் ஓசை, தம்பி! சிறிது தொலைவுக்கு ஓர் இணைப்பு இருந்த காலத்து ஓசை. இப்போது தண்டவாளங்களைப் பற்றவைத்து நீளமாக்கிவிட்டார்கள்; இந்தத் தாளம் குறைந்துபோயிற்று” என்றார். நெடுநேரம் அவ்வாறே நின்றார்.

பின்னர்த் திடீரென்று விரலை உயர்த்தி, “நிறுத்து. உன் இடக்கைப் பக்கத்து வளைவில், மூன்றாவது இணைப்புக்கு அடியில் வெற்றிடம் இருக்கிறது” என்றார். குனிந்து பார்த்தேன். என் கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை. அஞ்சலட்டை ஒன்றைச் செருகிப் பார்த்தேன். அது தண்டவாளத்துக்கு அடியில் வழுக்கிக்கொண்டு நுழைந்தது. ஒரு தாள் கனமுள்ள அப்பிழையைக் கண் இழந்த முதியவர் காதால் கண்டறிந்தார். அட்டைத் துண்டை அங்கேயே விட்டுத் திருகாணியை இறுக்கினேன். “இப்போது சரி. பாதை திறக்கலாம்” என்றார் பெரியப்பா.

அடுத்த ஆண்டுக் கண்காட்சியில் அக்கதவின்மேல் வண்டி நாள் முழுதும் ஓடியது. பரிசு வேறொருவருக்குக் கிடைத்தது. நான் வருந்தவில்லை. கண்காட்சி முடிந்ததும் சிரித்த மாணவர்களுள் இருவர், தங்கள் வீட்டில் பழைய கதவு உண்டா என்று தேடத் தொடங்கினர்.

அதன்பின் ஆறு ஆண்டுகள், மாலைதோறும் விளக்கேற்றிய பிறகு, பெரியப்பாவுக்காக வண்டியைச் சிறிது நேரம் ஓட்டுவது எங்கள் வீட்டு வழக்கமாக இருந்தது. அவர் மறைந்த பின் எஞ்சின் பழுதுற்றது. பெட்டிகளையும் உறவினர் வீட்டுப் பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சென்றனர். கதவு மட்டும் எங்கள் வீட்டில் இருக்கின்றது. அதன்மேல் இப்போது என் மகள் தன் புத்தகங்களைப் பரப்பி வைத்துப் படிக்கின்றாள். சென்ற மழைக்காலத்தில் நூல் பிடித்துப் பார்த்தேன். அன்றுபோலவே நேராக இருந்தது. இடப்புறத்து வளைவு இருந்த இடத்தில் அஞ்சலட்டைத் துண்டு ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது.

ஊருக்கு யாரேனும் வந்தால் மூவர்கோயிலுக்கு அழைத்துச் செல்வேன். நிற்கின்ற இரண்டு விமானங்களின் அழகையும் அவர்கள் கண்டு மகிழ்ந்த பின்னர், மூன்றாவது கோயிலையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கூறுவேன். “மூன்றாவது எங்கே?” என்று அவர்கள் கேட்பார்கள். அடித்தளத்தின் அருகே அவர்களை அழைத்துச் சென்று நிறுத்துவேன்.